அடுக்குக்குறி விதிகளும் பயிற்சி ஒழுங்கும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழி வகுப்புகளில் அடுக்குக்குறி விதிகளைப் பயிலும் மாணவர் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் நேர்வன என்றே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. அப்பிழைகளுள் பல இரண்டு காரணங்களால் விளைகின்றன. ஒன்று, 'அடுக்கு' என்னும் சொல் அன்றாட வழக்கில் ஒரு பொருளையும் கணிதத்தில் வேறொரு பொருளையும் தருவது. மற்றொன்று, பயிற்சிக் கணக்குகள் விதிவாரியாகப் பிரித்து வைக்கப்படுவது. இவ்விரு காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மருத்துவத்துணி, நூற்பாலைத் தொழில்களும் பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. விதியைத் தேர்ந்தெடுக்கும் திறனை வளர்க்கும் பயிற்சி ஒழுங்கு ஒன்றும் இறுதியில் முன்வைக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: அடுக்குக்குறி, அடிமானம், கலைச்சொல், கணிதக் கற்பித்தல், பின்னப் பெயர்கள், கலப்புப் பயிற்சி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர்.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அடுக்குக்குறி விதிகள் ஏழாம் வகுப்பு இயற்கணிதப் பகுதியில் அறிமுகமாகின்றன. எட்டாம் வகுப்பில் குறை முழுக்கள் அடுக்குகளாக வருகின்றன. ஒன்பதாம் வகுப்பில் முறுடுகளும் அறிவியல் குறியீடும் இவ்விதிகளின் மீதே கட்டப்படுகின்றன. மேல்நிலை முதலாண்டில் கணிதம் பயில்வோர் எதிர்கொள்ளும் மடக்கை, இவ்விதிகளையே மறுதலையாக நோக்குவதாகும். ஆகவே ஏழாம் வகுப்பில் தவறாகப் பதிந்த ஒரு விதி ஐந்தாண்டுகள் வரை மாணவரைத் தொடர்கின்றது. பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவைத் தேர்வது என்ற முடிவில், 'கணக்கு வராது' என்னும் தன்மதிப்பீட்டுக்கு இத்தகைய பழைய பிழைகளும் காரணமாகின்றன.

விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் தொழிலாலும் கல்வியாலும் நெருங்கிய ஊர்கள். இராசபாளையம் நூற்பாலைகளுக்கும், அதனை அடுத்த சத்திரப்பட்டி விசைத்தறியில் நெய்யப்படும் மருத்துவத்துணிக்கும், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றவை. இவ்வட்டார மாணவர் பலர்க்கு அளவு, மடங்கு, அடுக்கு என்பன பாடநூலுக்கு முன்பே வீட்டிலும் தறிக்கூடத்திலும் கேட்டுப் பழகிய சொற்கள். அப்பழக்கம் கற்றலுக்குத் துணையாவதும் உண்டு; தடையாவதும் உண்டு. இரண்டும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை அறிந்தால்தான் பயிற்சியைச் செம்மையாக வகுக்க இயலும்.

1. 'அடுக்கு': கலைச்சொல்லும் வழக்குச்சொல்லும்

2³ = 8 என்னும் சமன்பாட்டில் 2 என்பது அடிமானம்; 3 என்பது அடுக்கு; 8 என்பது மதிப்பு. அன்றாடத் தமிழிலோ அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட தொகுதியையோ அதிலுள்ள ஒவ்வொரு தட்டையோ குறிக்கும். 'மூன்றடுக்குப் பாத்திரம்' என்றால் மூன்று பாத்திரங்கள். 'எட்டடுக்குத் துணி' என்றால் எட்டுத் தட்டுகள் கொண்ட துணி. வழக்கில் அடுக்கு என்பது இறுதியில் கிடைக்கும் எண்ணிக்கை. கணிதத்தில் அது, அந்த எண்ணிக்கையை அடைய எத்தனை முறை பெருக்கல் நிகழ்ந்தது என்பதைச் சொல்லும் எண். ஒரே சொல் ஓரிடத்தில் 8ஐயும் மற்றோரிடத்தில் 3ஐயும் சுட்டுகின்றது.

மேலும், அடுக்குதல் என்னும் செயல் இயல்பாகக் கூட்டலைச் சார்ந்தது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இராசகோபுரம் பதினொரு நிலைகள் உடையது. நிலையின்மேல் நிலையாக ஒவ்வொன்றும் கூடிவர, பதினோராம் அடியெடுப்பில் கிடைப்பவை பதினொரு நிலைகளே. இப்பொருளை மனத்திற்கொண்ட மாணவர் 2³ என்பதை '2ஐ மூன்று முறை அடுக்குதல்' எனக் கொண்டு 2 + 2 + 2 = 6 என்று விடையளிப்பது கவனக்குறைவு அன்று. சொல்லின் வழக்குப்பொருளை அவர் முறையாகப் பின்பற்றியிருக்கின்றார்.

இச்சொல் கலைச்சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பொருத்தமற்றது என்று இதனால் கருதிவிடக்கூடாது. தமிழ் இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்பது ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவது. அச்சொல் இரண்டு முதல் நான்கு வரை அடுக்கி வரலாம் என நன்னூல் எல்லையும் வகுக்கின்றது. 'எதனை அடுக்குவது', 'எத்தனை முறை அடுக்குவது' என்ற இரு வினாக்களும் அடுக்குத்தொடரிலேயே பிரிந்து நிற்கின்றன. முன்னது அடிமானத்துக்கும் பின்னது அடுக்குக்கும் இணை. ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் தமிழ்ப்பாடத்தில் அடுக்குத்தொடரை அறிந்திருப்பர் ஆதலின், கணித ஆசிரியர் இவ்வொப்புமையைப் பயன்படுத்தலாம். அடுக்கப்படுவது தட்டு அன்று, பெருக்கல் காரணி என்பதை மட்டும் கூடுதலாக வலியுறுத்த வேண்டும்.

'படி' என்னும் சொல்லிலும் இத்தகைய நெருக்கடி உண்டு. 'இரண்டின் மூன்றாம் படி' என்ற வழக்கில் அது 8ஐக் குறிக்க, 'பல்லுறுப்புக்கோவையின் படி' என்னுமிடத்தில் அடுக்காகிய 3ஐக் குறிக்கின்றது. முதல் வகுப்பிலேயே இச்சொற்களின் எல்லையை வரையறுத்துக்கொள்வது பின்வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

2. மருத்துவத்துணி மடிப்பு: வரையறையின் தளம்

கட்டுத்துணி, காயத்தின்மீது வைக்கும் துணி முதலியன பல தட்டுகளாக மடிக்கப்படுபவை. ஒரு துணியைப் பாதியாக மடித்தால் இரண்டு தட்டு. மீண்டும் பாதியாக மடித்தால் நான்கு. மூன்றாம் முறை எட்டு. நான்காம் முறை பதினாறு. மடிப்பு ஒன்று கூடும்போது தட்டு இருமடங்காகின்றது. 'மடங்கு' என்ற சொல்லும் 'மடங்குதல்' என்னும் வினையோடு உறவுடையது என்பதை மாணவர் எளிதில் உணர்வர். கணிதத்தின் அடுக்கு இங்கு மடிப்பின் எண்ணிக்கை; வழக்கின் அடுக்கு தட்டின் எண்ணிக்கை. முன்னர்க் கூறிய இரு பொருள்களும் ஒரே துணியில் கண்முன் பிரிந்து நிற்கின்றன. கோபுரத்தின் பதினொரு நிலை பதினொன்றே. பதினொரு மடிப்புக்குரிய தட்டுகளோ 2¹¹, அதாவது 2048. கையால் அத்தனை முறை மடிக்க இயலாது என்பதே அடுக்கு வளர்ச்சியின் விரைவை உணர்த்தும்.

இம்மடிப்பு வரையறையிலுள்ள ஒரு நுண்ணிய இடர்ப்பாட்டையும் தீர்க்கின்றது. '2³ என்பது 2ஐ மூன்று முறை பெருக்குவது' எனக் கூறுவது வழக்கம். ஆனால் 2 × 2 × 2 என்பதில் பெருக்கற்குறி இரண்டே உள்ளது. மூன்று என்பது எதன் எண்ணிக்கை என்று கேட்கும் மாணவர்க்குத் தெளிவான விடை தேவை. மடிக்காத துணி ஒரு தட்டு உடையது. அந்த 1இலிருந்து தொடங்கி, 1 × 2 × 2 × 2 என எழுதினால் பெருக்கல் மூன்று முறை நிகழ்வது புலனாகும். 'ஒன்றில் தொடங்கி அடிமானத்தால் அடுக்கு குறிப்பிடும் முறை பெருக்குதல்' என வரையறுத்தால், 2⁰ = 1 என்பது தனியே மனப்பாடம் செய்யவேண்டிய விதியாக நில்லாது. ஒருமுறையும் மடிக்காத துணிக்கும் ஒரு தட்டு உண்டு. சுழி என்பது மடிப்புக்கு உரியது, தட்டுக்கு உரியதன்று.

குறை அடுக்கும் இதே துணியில் விளங்கும். ஒவ்வொரு மடிப்பிலும் தட்டு இருமடங்காக, துணியின் வெளித்தெரியும் பரப்பு பாதியாகின்றது. மூன்று மடிப்புக்குப் பின் தட்டு 2³. பரப்பு முதற்பரப்பில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 2⁻³. இரண்டையும் பெருக்கினால் 2³ × 2⁻³ = 2⁰ = 1. எத்தனை முறை மடித்தாலும் துணியின் மொத்த அளவு மாறுவதில்லை என்னும் எளிய உண்மையே இச்சமன்பாடு. 2⁻³ = −8 என எழுதும் மாணவரிடம், 'மடித்த துணியின் பரப்பு சுழியை விடக் குறையுமா?' என்ற ஒரு வினாவே போதுமானது.

3. விதிகள்: எண்ணுதலின் வடிவங்கள்

பாடநூல்களில் தனித்தனி வாய்பாடுகளாக வரும் விதிகள் யாவும் காரணிகளை எண்ணுவதன் வெவ்வேறு வடிவங்களே.

பெருக்கல் விதி: ஒரே அடிமானமுடைய எண்களைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. மூன்று முறை மடித்த துணியை மேலும் நான்கு முறை மடித்தால் மொத்தம் ஏழு மடிப்பு; 2³ × 2⁴ = 2⁷. தட்டுகள் பெருகுகின்றன, மடிப்புகள் கூடுகின்றன. 'பெருக்கலுக்கு ஏன் கூட்டல்?' என்னும் வினாவுக்கு இதுவே விடை.

வகுத்தல் விதி: மடிப்பைப் பிரித்தல் இதன் மறுதலை. ஏழு மடிப்பில் நான்கைப் பிரித்தால் எஞ்சுவது மூன்று; 2⁷ ÷ 2⁴ = 2³.

அடுக்கின் அடுக்கு: இவ்விதிக்கு இராசபாளையத்து நூற்பாலை நல்ல சான்று தருகின்றது. ஆலைவழக்கில் 'சிலைவர்' எனப்படும் பஞ்சுத்திரிகளைச் சீராக்கும் டிராயிங் இயந்திரத்தில், பொதுவாக ஆறு அல்லது எட்டுத் திரிகள் ஒன்றாகச் செலுத்தப்பட்டு ஒரே திரியாக இழுக்கப்படுகின்றன. இவ்வாறு ஒன்றிணைப்பதை ஆலையில் 'டபுளிங்' என்பர். பல ஆலைகளில் இது இரு கட்டங்களாக நிகழும். கட்டந்தோறும் எட்டுத் திரிகள் எனக் கொண்டால், இறுதித் திரியில் 8 × 8 = 64 தொடக்கத் திரிகளின் இழைகள் கலந்திருக்கும். 8 என்பது 2³ ஆதலின் இது (2³)² = 2⁶. மும்மூன்று காரணிகள் கொண்ட குழு இருமுறை வருவதால் அடுக்குகள் பெருகுகின்றன. பெருக்கல் விதியில் குழுக்களின் அளவு வேறுபடலாம். இங்கு ஒரே அளவுடைய குழுவே மீள்கின்றது. இவ்வேறுபாடு புலப்பட்டால் இரு விதிகளும் மயங்கா.

அதே இயந்திரம் சுழி அடுக்கையும் விளக்கும். எட்டுத் திரிகளை இணைப்பதால் தடிமன் எட்டு மடங்காகின்றது. எட்டு மடங்கு நீளத்துக்கு இழுப்பதால் எட்டில் ஒன்றாகின்றது. வெளிவரும் திரி, உட்சென்ற ஒரு திரியின் தடிமனையே கொண்டிருக்கும். 8 ÷ 8 = 8⁰ = 1. 'ஒன்றுமில்லை' எனும் சுழிக்கும் 'மாற்றமில்லை' எனும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகின்றது. பெருக்கலில் மாற்றமின்மையைக் குறிப்பது 1. ஆதலால்தான் எந்தச் சுழியற்ற எண்ணின் சுழி அடுக்கும் 1 ஆகின்றது.

பெருக்கற்பலனின் அடுக்கு: கனசதுரப் பால்கோவாப் பெட்டி ஒன்றின் பக்கம் மும்மடங்கானால் கொள்ளளவு மும்மடங்கு ஆகும் எனப் பலர் கருதுவர். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் மும்மடங்காவதால் கொள்ளளவு 27 மடங்காகும். பக்கத்தை 'ம' எனக் கொண்டால் (3ம)³ = 27ம³. அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொரு காரணியும் அடுக்கை ஏற்கும் என்பது இதன் சாரம்.

4. தமிழ்ப் பின்னப் பெயர்களில் குறை அடுக்குகள்

குறை அடுக்கு தமிழ் மாணவர்க்கு முற்றிலும் அயலானது அன்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் பெயர்கள் முறையே 1/2, 1/4, 1/8, 1/16 ஆகியவற்றைக் குறிக்கும். வீசத்துக்கு மாகாணி என்ற பெயரும் உண்டு. இவற்றை 2⁻¹, 2⁻², 2⁻³, 2⁻⁴ என எழுதலாம். 'அரைக்கால்' என்ற தொடர் அரையையும் காலையும் அடுத்தடுத்து வைப்பது; அதன் பொருளோ காலில் அரை. 2⁻¹ × 2⁻² = 2⁻³ என்னும் பெருக்கல் விதி இச்சொல்லின் அமைப்பிலேயே உள்ளது. அவ்வாறே அரைவீசம் 2⁻⁵, கால்வீசம் 2⁻⁶, அரைக்கால் வீசம் 2⁻⁷.

மா என்பது 1/20. அதிலிருந்து அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320 என வரிசை அமைகின்றது. இவ்வைந்தும் ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. காரணிப்படுத்தினால் மா 5⁻¹ × 2⁻², முந்திரி 5⁻¹ × 2⁻⁶ ஆகும். முந்திரிக்குக் கீழுள்ள பின்னங்களுக்குக் 'கீழ்' என்னும் முன்னொட்டு வழங்கியது. ஓர் அளவின் பெயர்முன் 'கீழ்' சேர்ந்தால் அவ்வளவில் 320இல் ஒரு பங்கு என்பது பொருள். கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/320இல் 1/320. அதாவது கீழ்முந்திரி = (320)⁻² = 1/102400. 320 = 2⁶ × 5 ஆதலின் 320² = 2¹² × 5² = 4096 × 25 = 102400 எனச் சரிபார்க்கலாம். அடுக்கின் அடுக்கு, பெருக்கற்பலனின் அடுக்கு, குறை அடுக்கு ஆகிய மூன்றும் இவ்வொரு கணக்கில் ஒருங்கே பயில்கின்றன.

இப்பின்னங்கள் கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும், திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட எண்சுவடியிலும் இடம்பெற்றவை. எண்சுவடியின் ஒரு பகுதியான குழிமாற்று, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாடு. நிலப்பரப்பு அளவைக்கு உதவியது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த நூலில், அங்கு நினைவு என்பது பொருளறியா ஒப்பித்தலாக அன்றிக் கணக்கிடும் முறையாகவே பயின்றது என விளக்குகின்றார். இன்றைய வகுப்பில் விதிகளை மனப்பாடம் செய்வதைக் குறைகூறும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. மனப்பாடத்தில் குறை இல்லை. மனப்பாடம் செய்தது எதனை எண்ணுகின்றது என்பதை அறியாமையே குறை.

ஆயினும் பழம்பெயர்களில் வரம்பும் உண்டு. அவை ஒவ்வோர் அளவுக்கும் தனிப்பெயர் தருபவை. எந்த அடிமானத்துக்கும் எந்த அடுக்கையும் எழுதவல்ல பொதுக்குறியீடு அவற்றில் இல்லை. அடுக்கைக் குறிக்கும் கலைச்சொல்லை மைக்கேல் ஸ்டீபெல் 1544இல் ஐரோப்பிய வழக்கில் புகுத்தினார். அடிமானத்தின் வலப்புறம் மேலே சிறிய எண்ணாக எழுதும் முறை 1637இல் தெகார்த்தின் வடிவியல் நூலால் நிலைபெற்றது. பெயரால் அறிந்ததைக் குறியீட்டுக்கு மாற்றும் இப்பயணத்தையே மாணவரும் சில வாரங்களில் மேற்கொள்ள வேண்டியுள்ளது.

5. பிழைகளின் வகைப்பாடு

அடுக்குக்குறிப் பயிற்சியில் மீண்டும் மீண்டும் காணப்படும் பிழைகளை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, சொற்பொருளால் விளைவது. 2³ = 6, 5⁰ = 0, 2⁻³ = −8 என்பன இவ்வகையின. இவற்றுக்கு விதியை மீண்டும் கூறுவது பயன்தராது. வரையறைக்கே திரும்ப வேண்டும்.

இரண்டாம் வகை, விதிகள் ஒன்றோடொன்று மயங்குவதால் விளைவது. 2³ × 2⁴ = 2¹² எனவும், (2³)⁴ = 2⁷ எனவும், 2³ × 2⁴ = 4⁷ எனவும் எழுதுதல் இதன்பாற்படும். இங்கு விதிகள் நினைவில் உள்ளன. எது எவ்விடத்துக்கு உரியது என்பதே தெரியவில்லை.

மூன்றாம் வகை, விதியை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டுவது. 2³ + 2⁴ = 2⁷ எனக் கொள்வது இதற்கு எடுத்துக்காட்டு. உண்மையில் 8 + 16 = 24; 2⁷ஓ 128. 2³ × 5² = 10⁵ என்பதும் அவ்வாறே; உண்மை விடை 200, எழுதப்பட்டதோ ஒரு இலட்சம். (2 + 3)² = 2² + 3² எனக் கொண்டால் 25க்குப் பதில் 13 கிடைக்கும். −3² = −9, (−3)² = 9 என்னும் வேறுபாட்டை விடுவதும் அடிமானத்தின் எல்லையை அறியாமையே.

எடுத்துக்காட்டுகளைத் தெரிவு செய்வதில் ஆசிரியர் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 2 + 2, 2 × 2, 2² ஆகிய மூன்றும் 4. எனவே 2² = 4 என்பதை முதற்சான்றாகக் காட்டினால், அடுக்கைக் கூட்டலாகவோ அடிமானம் பெருக்கல் அடுக்காகவோ கருதும் மாணவர்க்கும் சரியான விடையே கிடைக்கும். 3² × 3² = 3⁴ என்பதிலும் அடுக்குகளைக் கூட்டினாலும் பெருக்கினாலும் 4. (3²)² என்பதற்கும் அதே நிலை. அடுக்குகள் இரண்டும் 2 ஆக அமைந்த கணக்கு பிழையை மறைத்துவிடுகின்றது. துணியை இரு முறை மடிப்பதோடு நிறுத்தினாலும் இதுவே நேரும்; மூன்றாம் மடிப்பில்தான் ஆறா எட்டா என்ற வேறுபாடு தோன்றும். ஆதலின் தொடக்கச் சான்றுகளில் அடுக்குகள் 3, 4 போல வேறுபட்ட எண்களாக அமைவது இன்றியமையாதது.

6. பயிற்சி ஒழுங்கு

ஒரு விதியைக் கற்பித்து, அவ்விதிக்குரிய பத்துக் கணக்குகளைக் கொடுத்து, பின் அடுத்த விதிக்குச் செல்வது பரவலான முறை. இம்முறையில் 'பெருக்கல் விதி' எனத் தலைப்பிட்ட பயிற்சியில் எந்த விதியைப் பயன்படுத்துவது என்று மாணவர் சிந்திக்க வேண்டியதில்லை; தலைப்பே சொல்லிவிடுகின்றது. அன்றைய பயிற்சியில் விடைகள் சரியாக அமையும். தேர்வில் தலைப்பு இராது. அங்கேதான் இரண்டாம், மூன்றாம் வகைப் பிழைகள் வெளிப்படும். டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கன உருவங்களின் கொள்ளளவுக் கணக்குகளில் இதனைச் சோதித்தது. வகைவாரியாகப் பயின்றவர் பயிற்சியின்போது சிறந்து விளங்கினர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்விலோ கலந்து பயின்றவரே முந்தினர். அவ்வாய்வு கல்லூரி மாணவரிடம் நிகழ்ந்தது எனினும், எந்த முறை எந்தக் கணக்குக்கு உரியது எனத் தேர்வதே அங்கும் இடர்ப்பாடாக இருந்தமையால் அடுக்குக்குறிக்கும் அது பொருந்தும்.

இவற்றின் அடிப்படையில் நான்கு படிநிலைகளைக் கொண்ட ஒழுங்கு ஒன்றை வகுக்கலாம்.

முதற்படிநிலை மடிப்புப் பயிற்சி. துணியோ தாளோ கொண்டு மடிப்பு, தட்டு, பரப்பு ஆகிய மூன்றையும் ஓர் அட்டவணையில் சுழி மடிப்பிலிருந்து ஐந்து மடிப்பு வரை மாணவரே நிரப்ப வேண்டும். இந்நிலையில் விதி எதுவும் கூறப்படுவதில்லை.

இரண்டாம் படிநிலை விரித்தெழுதுதல். 3² × 3⁴ என்பதை (3 × 3) × (3 × 3 × 3 × 3) என விரித்து, காரணிகளை எண்ணி, 3⁶ எனச் சுருக்க வேண்டும். விதியை மாணவர் தாமே சொல்லும்வரை இது தொடரும். விதி சொல்லப்பட்ட பின்னரும் ஐயம் எழும்போதெல்லாம் திரும்பத்தக்க இடம் இதுவே.

மூன்றாம் படிநிலை ஒவ்வொரு விதிக்கும் இரண்டு மூன்று கணக்குகள். விதியைக் கைவரச் செய்ய இவ்வளவு போதுமானது.

நான்காம் படிநிலை கலப்புப் பயிற்சி. இதற்கே மிகுந்த நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தோற்றத்தால் ஒத்தும் முறையால் வேறுபட்டும் நிற்கும் கணக்குகள் அருகருகே வைக்கப்பட வேண்டும். சான்றாகப் பின்வருவனவற்றைக் காட்டலாம்.

(அ) 3² × 3⁴ = 3⁶ = 729
(ஆ) 3² + 3⁴ = 9 + 81 = 90
(இ) (3²)⁴ = 3⁸ = 6561
(ஈ) 3² × 5² = 15² = 225
(உ) 3² × 5⁴ = 9 × 625 = 5625
(ஊ) 3⁴ ÷ 3⁴ = 3⁰ = 1
(எ) 3² ÷ 3⁴ = 3⁻² = 1/9

இவற்றுள் (ஆ), (உ) ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இவ்விரண்டையும் ஒரே விதியால் நேரடியாக ஓர் அடுக்காகச் சுருக்க இயலாது. மதிப்பைக் கண்டு கணக்கை முடிக்கலாம். விதி பொருந்தாத கணக்குகளும் பயிற்சியில் இடம்பெற்றால்தான் விதியின் எல்லை புலப்படும். எல்லாக் கணக்குகளும் ஏதேனும் ஒரு விதிக்கு உட்படும் பயிற்சி, எதனையும் விதிக்குள் அடக்கிவிடலாம் என்ற தவறான நம்பிக்கையை வளர்க்கின்றது.

ஒவ்வொரு கணக்கிலும் விடைக்கு முன் 'அடிமானம் ஒன்றா? செயல் பெருக்கலா, கூட்டலா? குழு மீள்கின்றதா?' என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு சொல்லில் விடை எழுதச் செய்யலாம். மதிப்பீட்டிலும் இவ்விடைகளுக்கு ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கினால், பிழை எந்த வகையினது என்பதை ஆசிரியர் உடனே அறிய இயலும். இதற்கு நேரம் கூடுதலாகும் என்பது உண்மையே. ஆயினும் அதே பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்துவதினும் இது குறைவு.

7. வல்லத்திலிருந்து ஒரு சான்று

அடுக்குகளைப் பொறுமையாக எண்ணுவது பள்ளிப் பயிற்சியோடு முடிவதன்று. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தெற்கே தென்காசி, செங்கோட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் மறுகோடியில், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர் சு. சி. பிள்ளை என அறியப்படும் சிவசங்கரநாராயண பிள்ளை. செங்கோட்டையில் பள்ளிக்கல்வி பெற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1950இல் அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் எத்தனை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது வாரிங் சிக்கலின் ஒரு கூறு. அவ்வெண்ணிக்கை 73 என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். இதன் முழு நிறுவலும் உயர்கணிதம் சார்ந்தது. 73க்குக் குறைந்தால் போதாது என்பதையோ எட்டாம் வகுப்பு மாணவரே காட்டலாம். 1⁶ = 1; 2⁶ = 64; 3⁶ = 729. 703 என்னும் எண் 729ஐ விடச் சிறியது ஆதலின் அதனை 64, 1 ஆகியவற்றால் மட்டுமே அமைக்க இயலும். பத்து 64கள் சேர்ந்து 640. எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று 1கள். 10 + 63 = 73. அடுக்கின் வரையறையும் கூட்டலும் அன்றி வேறெதுவும் இதற்குத் தேவையில்லை. அடுக்கு எண்களைக் கூட்டும்போது குறுக்குவழி விதி இல்லை என்பதை மாணவர் இங்கு ஒரு தடையாக உணரார். ஆய்வுக்குரிய வினா அங்கிருந்தே பிறந்தது என உணர்வர். அடுக்கு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளைப் பற்றிப் பிள்ளை முன்வைத்த கருதுகோள் இன்றுவரை முழுமையாக நிறுவப்படவில்லை.

முடிவுரை

அடுக்குக்குறிப் பிழைகள் மாணவரின் கவனமின்மையை விட, சொல்லின் இருபொருளையும் பயிற்சியின் அமைப்பையுமே மிகுதியும் காட்டுகின்றன. வழக்கில் அடுக்கு என்பது தட்டின் எண்ணிக்கை, கணிதத்தில் அது மடிப்பின் எண்ணிக்கை என்னும் வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே நிறுவுதல். ஒன்றில் தொடங்கிப் பெருக்குவதாக வரையறையை அமைத்தல். அடுக்குகள் இரண்டும் 2 ஆக வரும் தொடக்கச் சான்றுகளைத் தவிர்த்தல். விதி பொருந்தாத கணக்குகளையும் உள்ளடக்கிய கலப்புப் பயிற்சிக்கு முதன்மை தருதல் ஆகிய நான்கும் இக்கட்டுரையின் முடிவுகள். இவற்றுக்குப் புதிய பாடநூலோ கருவியோ தேவையில்லை. ஒரு முழத் துணியும் கணக்குகளின் வரிசையை மாற்றும் துணிவும் போதும்.

சத்திரப்பட்டித் துணியும் இராசபாளையத்துப் பஞ்சுத்திரியும் இவ்வட்டாரத்துக்கு உரியவை. பிற வட்டாரங்களின் தொழில்வழக்குகளில் அடுக்கு, மடங்கு, படி ஆகிய சொற்கள் எப்பொருளில் வழங்குகின்றன என்பதைத் தொகுத்தால், கணிதக் கலைச்சொற்களைக் கற்பிப்பதற்கான பயனுள்ள தரவாக அது அமையும். அப்பணி கணிதத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்கது.